மணலில் யார் நேராக நடக்கிறார்கள்

ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் வடகடலைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே இருப்பது ஆண் கடல். தெற்கே காற்று எழும்பி அலை அடிக்கிற மாதங்களில் வடக்கே கண்மாய்த் தண்ணீர் போல அசையாமல் கிடக்கும். அப்படி ஒரு மாதத்தின் ஞாயிற்றுக்கிழமையில்தான் அக்கா என்னைக் கடலுக்குள் மீன் பார்க்கக் கூட்டிப்போனாள்.

எனக்கு ஊர் திருவாடானைப் பக்கம். வேலை ராமநாதபுரத்தில், ஓர் ஆஸ்பத்திரி லேபில். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். அக்கா வாக்கப்பட்டதும் ராமநாதபுரம்தான். அத்தான் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தார். லீவு நாள் என்றால் அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்ததில் வலது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் கொஞ்சம் நீளம் குறைவாகச் சேர்ந்தது. நடக்கும்போது வலப்பக்கம் லேசாகச் சாய்வேன். அவசரமாக நடந்தால் நன்றாகவே தெரியும். அந்த வருஷம் முழுக்க அக்காதான் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தாள். வீட்டில் மற்ற எல்லாரும், யாராவது எதிரில் வந்தால், "மெதுவா நட, தெரியாது" என்பார்கள். அம்மாகூடச் சொல்வாள். அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை.

படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். காலைப் பற்றி அய்யா முன்கூட்டியே சொல்லிவிடுவார். சிலர் வராமலே இருந்துவிடுவார்கள். வந்தவர்களில் கடைசியாக வந்த வீட்டாரை என்னால் மறக்க முடியாது. அந்தப் பையனின் அத்தை ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். காபி வேண்டாம், மோர் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். கொண்டுபோனேன். தட்டை எடுத்துப் போகச் சொன்னார். மறுபடி தண்ணீர். அந்த அம்மாளுக்குத் தாகம் இல்லை என்று மூன்றாவது நடையில்தான் எனக்குப் புரிந்தது. கூடத்தில் இருந்த எல்லோருடைய கண்ணும் என் சேலைக் கரைக்குக் கீழே இருந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கொல்லையில் அக்காவிடம் சொன்னேன், "இனிமே யாரு முன்னாடியும் போயி நிக்க மாட்டேன்க்கா. கல்யாணமே ஆகாட்டியும் சரி."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னய யாரு முன்னாடியும் நிக்க வைக்க விட மாட்டேன் புள்ள. அய்யாட்ட நான் பேசுறேன். என் மேல சத்தியம்."

பேசவும் செய்தாள். அதன் பிறகு இரண்டு வருஷம் வீட்டுக்கு யாரும் வரவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். என்னைக் காப்பாற்றியவள் அக்கா என்றே ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால் அக்கா போன் செய்தாள். தங்கச்சிமடத்தைத் தாண்டி வடகடல் பக்கம் ஓர் இடம் இருக்கிறதாம். கண்ணாடி மாட்டிக்கொண்டு, வாயில் குழாயை வைத்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்துப் படுத்தால் பவளப்பாறையும் மீனும் தெரியுமாம். நீச்சல் தெரிய வேண்டாம். அத்தானுடன் வேலை பார்க்கிற நண்பர் ஒருவருக்கு அந்த இடம் பழக்கமாம், அவரும் வருகிறாராம்.

"லெக்கின்ஸும் முழுக்கை டாப்பும் உனக்கு நானே எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். "நீலக் கலரு. உனக்கு எடுப்பா இருக்கும். வரும்போது லேசா பவுடர் போட்டுட்டு வா."

"கடலுக்குள்ள முங்குறதுக்கு எதுக்குக்கா பவுடரு? மீனு என்ன, அழகாவா இருக்கன்னு கேக்கப்போகுது?"

இருவரும் சிரித்தோம். அவளும்தான் சிரித்தாள்.

காலையில் அத்தான் காரோடு வந்தார். பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டதாக அக்கா சொன்னாள். கடலுக்குப் போகிறோம் என்றால் குதிக்கிற பிள்ளைகளை ஏன் விட்டு வந்தாள் என்று ஒரு நொடி தோன்றியது. மண்டபத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். நான் கதவைத் திறக்கப்போனேன். "நீ இறங்காத, அவரு வாங்கிட்டு வருவாரு" என்றாள் அக்கா. பக்கத்தில் இன்னொரு கார் நின்றிருந்தது. பாம்பன் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலைமுடி பறக்க, நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன். பாலம் இறங்கியதும் அந்தக் கார் எங்களை முந்திக்கொண்டு போனது.

சவுக்குத் தோப்புக்குள் மணலிலேயே காரை நிறுத்தினார்கள். "செருப்ப இங்கனயே கழட்டிரு, மணலு இன்னும் சுடல" என்றாள் அக்கா. அத்தானின் நண்பர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், ஒல்லியான ஆள். வணக்கம் சொல்லிவிட்டு, "தண்ணி இன்னிக்கு நல்லா தெளிஞ்சு கிடக்கு, உங்களுக்கு அதிர்ஷ்டந்தான்" என்றார். தோப்பு நிழலில் ஜமுக்காளம் விரித்து இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலுக்கு வந்துவிட்டு இளைப்பாறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா நேராக அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தண்ணின்னா பயம். நான் இங்கன இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

படகில் அத்தானும் அவருடைய நண்பரும் நானும் ஏறினோம். கூட்டிப்போனவர் அந்தக் கரையைச் சேர்ந்த அண்ணன் ஒருவர். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டார். அங்கே தண்ணீர் நெஞ்சளவுதான். லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் தேய்க்கச் சொன்னார்.

"அப்பத்தான் ஆவி படியாது. வாயால மூச்சு விடுங்கம்மா. மூக்குன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துருங்க. கீழ பாருங்க, ஆனா கால ஊனிராதீங்க. அதெல்லாம் உயிரு."

முதல் முறை உப்புத் தண்ணீர் குடித்தேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை மூச்சு பிடிபட்டது. குழாய்க்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கீழே பச்சைப் புல் தரை, வயலில் நாற்று சாய்வது போல எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் பாறைகள், மூளையைப் போல மடிப்பு மடிப்பாக. கோடு போட்ட குட்டி மீன்கள் என் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பின. பச்சையும் ஊதாவுமாக ஒரு கிளிமீன் பாறையைக் கொறித்தது. அந்தக் கறுக் கறுக்குச் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. மணலில் கிடந்த கடல் அட்டையை நான் காட்டியதும் அண்ணன் கையை ஆட்டினார், தொடாதே என்று. அதை எடுத்தால் போலீஸ் கேஸாகிவிடும் என்று மேலே வந்ததும் சொன்னார்.

எனக்கு வேறொன்றுதான் பெரிதாக இருந்தது. நான் எதன்மேலும் நிற்கவில்லை. தண்ணீருக்குள் என் இரண்டு காலும் ஒரே நீளம். ஒரு பக்கம் சாயாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் கண்ணீர் வந்து, அதைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. உப்புத் தண்ணீர் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு மணல் திட்டில் படகை நிறுத்தினார்கள். கணுக்கால் அளவு தண்ணீர். அத்தானுக்குப் போன் வந்தது. படகிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நானும் அவருடைய நண்பரும் திட்டில் கிளிஞ்சல் பொறுக்கினோம். நீந்துவதற்காகப் படகில் கொடுத்த, வாத்துக்கால் போன்ற ரப்பர்ச் செருப்பை அவர் கழற்றாமல் நடந்து குப்புற விழுந்தார். நான் சிரித்துவிட்டேன்.

"இத மாட்டிக்கிட்டு நடக்கவே முடியலங்க" என்றார் எழுந்துகொண்டே.

"எனக்கு அது இல்லாமலே நடையில கோளாறு. அதான் கையில எடுத்துக்கிட்டேன்."

"என்ன கோளாறு?"

முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லக்கூடியதில்லை. ஆனால் அன்று எனக்குள் எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. டிராக்டரிலிருந்து விழுந்ததைச் சொன்னேன். தண்ணீரும் மோரும் கேட்ட அந்த அம்மாளைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டது போலவே, "இன்னொரு சொம்பு கொண்டாரச் சொல்லுங்க" என்று நடித்தும் காட்டினேன். அத்தானின் நண்பர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கிளிஞ்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதுக்கப்பறம் யாரு முன்னாடியும் நிக்க மாட்டேன்னுட்டேன். எங்கக்காதான் எல்லாரையும் சமாளிச்சா" என்றேன்.

"நல்லதுங்க" என்றார். பிறகு, "அந்த மாதிரிப் போயிப் பாக்குறதே தப்புங்க. நானெல்லாம் அப்படிப் போகவே மாட்டேன்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். நல்ல மனிதர் என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், திரும்பி வரும்போது, இவரை இன்னொரு முறை பார்க்க முடியுமா என்றுகூட மனதில் ஓடியது.

கரையில் இறங்கினோம். முகத்தில் கண்ணாடி அழுத்திய வட்டம், சடை பிரிந்து முதுகில் ஒட்டிக்கிடந்தது. நிழலில் இருந்த பெண்களில் மூத்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"இங்கன வாம்மா. குளிருதா?"

தன் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார். மல்லிகைப் பந்து ஒன்றை என் கையில் கொடுத்தார். "ஈரத்தலையில வைக்காத. காஞ்சதும் வச்சுக்க." யாரைப் பெற்ற தாயோ, இத்தனை பிரியமாக இருக்கிறாரே என்று நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அப்போது அவர் எனக்குப் பின்னால் பார்த்துக் கூப்பிட்டார். "தம்பி, நீயும் வாய்யா. சாப்புடலாம்."

அத்தானின் நண்பர், "வாரேம்மா" என்றார்.

எனக்கு அப்போதும் சட்டென்று விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் அக்காவிடம், "எங்களுக்குத் திருப்திம்மா. புள்ள நல்லா கலகலன்னு இருக்கு. கண்ணுக்கு நெறஞ்ச மாதிரி இருக்கு. மேக்கொண்டு பெரியவங்க பேசிக்கட்டும்" என்றார். அதன் பிறகுதான் விளங்கியது. மண்டபத்து டீக்கடையில் நின்ற கார், நீல டாப், பவுடர், விட்டுவந்த பிள்ளைகள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

அக்காவைப் பார்த்தேன். அவள் நண்டுக் குழம்புத் தூக்கின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கையைப் பிடித்து அவளைக் காருக்குப் பின்னால் இழுத்துப்போனேன்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்லடி. சும்மா பாத்தாங்க. நீ சேல கட்டல, காபி கொடுக்கல, யாரு முன்னாடியும் போயி நிக்கல. உனக்குத் தெரியாமலே முடிஞ்சிருச்சு. நல்லதுதான?"

"சத்தியம் பண்ணுனியேக்கா."

"நிக்க வைக்க மாட்டேன்னுதான் சொன்னேன். நிக்க வைக்கலயே."

நான் அவளையே பார்த்தேன். இப்படிப் பேசக்கூடியவள் என்று எனக்குத் தெரியாது.

"காலப் பத்திச் சொல்லிட்டியா?"

அவள் காரின் கதவில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"கேக்குறேன்ல. சொல்லிட்டியா?"

"பேசி முடிச்சப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மொதல்லயே சொன்னா பாக்கவே வர மாட்டேங்குறாங்கடி. அதான் இந்த இடம். மணல்ல யாரு நேரா நடக்குறா? எல்லாரு நடையும் ஒண்ணுதான்."

காதுக்குள் கடல் தண்ணீர் இருந்தது. அவள் குரல் தூரத்திலிருந்து வருவது போல இருந்தது. பெண் பார்க்கும் காரியத்தை மறைத்ததைக்கூட நான் தாங்கியிருப்பேன், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அவள் என் நடையைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். எங்கே நடந்தால் தெரியும், எங்கே நடந்தால் தெரியாது என்று இடம் தேடியிருக்கிறாள். டீக்கடையில் என்னை இறங்க விடாதது அதனால்தான். தார் ரோட்டில் நான் நாலு அடி வைப்பதை அவர்கள் பார்த்துவிடக் கூடாது. மற்றவர்கள் "மெதுவா நட" என்று வாயால் சொன்னார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல், கடலையே கொண்டுவந்து என் நடைமேல் போர்த்திவிட்டாள். தண்ணீருக்குள் நான் அழுத அழுகைகூட அவள் போட்ட கணக்குக்குள்தான் நடந்திருக்கிறது.

தோப்பை ஒட்டி மீன் ஏலம் போடுகிற கொட்டகை ஒன்று இருந்தது. ஏலம் முடிந்து கழுவிவிட்டிருந்தார்கள். வழவழவென்று சிமெண்டுத் தரை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, மூத்த அம்மாளிடம் போனேன்.

"அம்மா, கொஞ்சம் எங்கூட வாங்க."

"எங்கனம்மா?"

"இந்தா, இங்கனதான்."

அவர் கொட்டகைக்கு வெளியே நின்றார். நான் தரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். மெதுவாக நடக்கவில்லை. வார்டிலிருந்து சாம்பிளை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடும்போது எப்படி நடப்பேனோ அப்படி நடந்தேன். திரும்பியும் நடந்து வந்தேன். யார் முன்னாலும் நடக்க மாட்டேன் என்று இருந்தவள், யாரும் கேட்காமல் நானே நடந்து காட்டினேன். அன்று நடந்ததில் இதுதான் இன்றும் எனக்கு ஆறாமல் இருக்கிறது.

"இதுதாம்மா என் நடை. சின்ன வயசுல கால் ஒடிஞ்சது. இத மறைச்சுத்தான் உங்களக் கூட்டியாந்திருக்காங்க. எனக்கும் ஒண்ணும் தெரியாது. உங்க மகன் யாருன்னே இப்பத்தான் தெரியும்."

அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. முகம் சுருங்கிப்போய் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, இதச் சொல்லியிருந்தா நாங்க என்ன, கடிச்சா தின்னுருப்போம்? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான், "இல்ல, அது வந்து" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

அந்த மனிதர் முன்னால் வந்தார். "அம்மா, எனக்கு முன்னாடியே தெரியும். அங்கன திட்டுல வச்சு அவங்களே சொன்னாங்க. எனக்கு அது ஒண்ணும் பெரிசில்ல."

எனக்காகப் பேசுகிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் அவரிடம், "நீங்க அங்கன சொன்னது எனக்கும் நெனவு இருக்குங்க" என்றேன். அவருக்குப் புரிந்தது. மறுபடி கடலைப் பார்த்தார்.

யாரும் சாப்பிடவில்லை. அவர்கள் ஜமுக்காளத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்களும் கிளம்பினோம். பாலத்தில் வரும்போது அத்தான் பாட்டுப் போட்டார், பிறகு அவரே நிறுத்தினார். உடம்பெல்லாம் உப்புக் காய்ந்து இழுத்தது. அக்கா ஒரு முறை, "பசிக்குதா புள்ள?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ராமநாதபுரம் வந்ததும் ஹாஸ்டல் வாசலில் இறங்கிக்கொண்டேன்.

சில நாள் கழித்து அந்த மனிதர் லேபுக்கே போன் செய்தார். அவர்கள் வீட்டில் சம்மதமாம். அம்மாவே சொன்னாராம், மறைக்காமல் நடந்து காட்டிய பெண்தான் வேண்டும் என்று.

"நான் அன்னிக்கு உங்கட்ட எல்லாத்தையும் சொன்னேன்ல" என்றேன். "அப்பவாச்சும் ஏங்க சொல்லல?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். சொல்லியிருந்தா நீங்க மேக்கொண்டு பேசியிருக்க மாட்டீங்க. நீங்க பேசுறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

அவர் பொய் சொல்லவில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நான் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசினேன். அவர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பைத்தியக்காரி என்றார்கள். "அவுகளே சரின்னுட்டாக, உனக்கு என்னடி கேடு?" என்று அம்மா அழுதாள். அய்யா மட்டும், "அவ வேணாம்னா விடு" என்றார். அக்காவின் போனை நான் எடுக்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுகூட அவள் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

மாசி மாதம் ஒரு நாள் அவள் ஹாஸ்டலுக்கு வந்தாள். பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள்.

"உன்னயச் சைக்கிள்ல வச்சு மிதிச்சவடி நான். நீ கடைசி வரைக்கும் ஒத்தையா நிக்கிறத என்னால பாக்க முடியாது. அதான் செஞ்சேன்."

"சைக்கிள்ல போறப்ப நீ என் கால ஒரு நாளும் மறைச்சதில்லையேக்கா."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு, "தப்புதான் புள்ள" என்றாள்.

அதற்குப் பிறகு லேபில் கூட வேலை பார்க்கும் பெண்களோடு இரண்டு முறை அந்தக் கரைக்குப் போயிருக்கிறேன். மீன்கள் அப்படியேதான் இருந்தன. புல்லுக்கு மேலே மிதப்பதும் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் நடுநடுவே தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தேன். தோப்பு நிழலில் யாராவது உட்கார்ந்திருந்தால், யாரோ குடும்பம் என்று தெரிந்தாலும், மூச்சு தப்பிப்போய் உப்புத் தண்ணீர் வாய்க்குள் வந்தது.

இப்போது அக்காவும் நானும் பேசிக்கொள்கிறோம். லீவு நாளில் சாப்பிடக் கூப்பிடுகிறாள். கூப்பிடும்போதெல்லாம், நான் கேட்காமலே, "நாங்க மட்டுந்தான், வேற யாரும் வரல" என்று சொல்லி முடிப்பாள். நான், "சரிக்கா, வாரேன்" என்பேன். போவேன். வாசலில் கிடக்கிற செருப்புகளை ஒரு தடவை பார்த்து, எல்லாம் வீட்டுச் செருப்புதான் என்று தெரிந்த பிறகு உள்ளே போவேன்.